சேப்பாக்கத்தின் 744

சேப்பாக்கம் டெஸ்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச்சு வந்தால் அது மனீந்தர் சிங்கில் தொடங்கி மனீந்தர் சிங்கிலேயே முடிந்துவிடும். எஹலியகொட, தெரணியகலை, யட்டியாந்தோட்டை, கஹவத்தை, இறக்குவானை என்று சப்ரகமுவவின் எந்தத் தோட்டத்தில் அந்தத் தலைமுறைக்காரரைக் கேட்டாலும் கதை ஒன்றுதான். இரண்டு பக்கமும் ஓட்டம் சமன். இன்னும் ஒன்று எடுத்தால் இந்தியாவுக்கு வெற்றி. கடைசி ஆள் மனீந்தர் பந்தைக் காலில் வாங்கினார். நடுவர் விரலைத் தூக்கினார். 1986 செப்டெம்பர் 18 முதல் 22 வரை ஐந்து நாள் நடந்த ஆட்டம், ஏறக்குறைய நாற்பது வருட நினைவில் ஒற்றைப் பந்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. ரேடியோவில் கேட்ட தலைமுறையின் நினைவு அது; நானும் அந்த நினைவுக்குள் இருந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் அந்தச் சுருக்கம் பிழை என்றே நினைக்கிறேன். கடைசிப் பந்து அந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கவில்லை. வெற்றி, தோல்வி என்று முடிந்த ஆட்டத்தில் “இங்கேதான் கைவிட்டுப் போனது” என்று ஒரு இடத்தைக் காட்டலாம், அல்லது காட்டுவதாக நினைத்துக்கொள்ளலாம். டையில் அதற்கும் வழியில்லை. இரு அணியும் ஒரே கணக்கில் வந்து நிற்கும்போது, ஐந்து நாளில் எடுத்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எடை ஒன்றுதான்.

கணக்கையே பார்க்கலாம். ஆஸ்திரேலியா முதலில் துடுப்பெடுத்தாடி 7 விக்கெட்டுக்கு 574 ஓட்டங்களோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. டீன் ஜோன்ஸ் 210, டேவிட் பூன் 122, தலைவர் அலன் போர்டர் 106. சென்னை வெயிலில் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றார், வாந்தியெடுத்துக்கொண்டே ஆடினார், ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டிவந்தது. இனி முடியாது என்றவரை, அப்படியானால் குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போர்டர் சீண்டி நிற்க வைத்தது கிரிக்கெட் உலகம் முழுவதும் தெரிந்த கதை. இந்தியா பதிலுக்கு ஆடி 245க்கு 7 விக்கெட்டை இழந்தது. ஃபொலோ ஒன்னைத் தவிர்க்க 375 வேண்டும். அந்த இடத்தில் கபில் தேவ் நின்று 119 அடித்தார்; மொத்தம் 397. ஆஸ்திரேலியா இரண்டாவது முறை 5 விக்கெட்டுக்கு 170 எடுத்திருந்த நிலையில், ஐந்தாம் நாள் காலை போர்டர் மேற்கொண்டு ஆடாமல் இந்தியாவை அழைத்தார். இலக்கு 348, குறைந்தது 87 ஓவர். கவாஸ்கர் 90, அமர்நாத் 51, அசாருதீன் 42, ஸ்ரீகாந்த் 39, பண்டிட் 39, கடைசிவரை ஆட்டமிழக்காமல் ரவி சாஸ்திரி 48. எல்லாம் சேர்த்து 347. ஒரு பந்து மிச்சம். 574ஐயும் 170ஐயும் கூட்டினால் 744. 397ஐயும் 347ஐயும் கூட்டினாலும் 744. இந்த இரண்டு கூட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவருக்கு, மனீந்தரின் கால் எவ்வளவு சின்ன விஷயம் என்பது விளங்கும். முதல் இன்னிங்ஸில் 119 அடித்த அதே கபில் இரண்டாவதில் எடுத்தது 1. முதலில் 1 எடுத்த அமர்நாத் இரண்டாவதில் 51. இந்தியா பந்து வீசியபோது கொடுத்த உதிரி ஓட்டங்கள் 17. ஆஸ்திரேலியா கொடுத்தவை 22. இதில் எந்த ஒன்று கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அந்த மாலையில் நாம் கேட்டது வேறு முடிவு. சிரட்டை நிறைந்தபிறகு விளிம்பில் தொங்கும் கடைசிச் சொட்டைக் காட்டி இதுதான் இன்றைய பால் என்று எந்தப் பால் வெட்டுக்காரரும் சொல்லமாட்டார்.

பிறகு ஏன் எங்களுக்கு அந்த ஒரு பந்து மட்டும் தங்கியது? நாங்கள் எந்த நேரத்தில் கேட்டோம் என்பதில் பாதிப் பதில் இருக்கிறது. சப்ரகமுவவின் தாழ்ந்த பக்கங்களில் இறப்பர், மேலே ஏறினால் தேயிலை. இறப்பரில் விடிகாலையிலேயே பால் வெட்டு தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் பால் எடுத்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய் அளந்து கொடுத்தால் அன்றைய பேர் விழுந்துவிடும். பிற்பகல் கைக்கு வரும். தேயிலையில் அப்படியில்லை, மாலைக் கொழுந்து நிறுத்து முடியும்வரை மலையில்தான். 22ஆம் திகதி திங்கட்கிழமை, வேலை நாள். காலையில் போர்டர் என்ன முடிவெடுத்தார் என்பதையோ, கவாஸ்கர் எவ்வளவு நிதானமாக இன்னிங்ஸைக் கட்டினார் என்பதையோ மலையில் நின்றவர் கேட்டிருக்க வழியே இல்லை. லயத்துக்கு அன்று மின்சாரம் கிடையாது. ரேடியோ பற்றரியில் ஓடியது, பற்றரி சம்பளத்தில் வாங்கியது. ஐந்து நாளும் முடுக்கிவிட்டுக் கேட்கும் வசதி யாருக்கு? இன்னொன்று வானொலி அலையின் இயல்பு. மத்திய அலை பகலில் வானத்தில் உறிஞ்சப்பட்டுத் தூரம் போகாது. பொழுது சாயச் சாயத்தான் கடல் தாண்டித் தெளிவாக வரும். காலையில் கரகரத்த நிலையம் மாலையில் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்கும். ஆக, வேலை ஒழுங்கும் பற்றரி விலையும் சூரியனும் சேர்ந்து எங்களுக்குக் கொடுத்தது கடைசி இரண்டு மணி நேரத்தை. எஞ்சிய நான்கரை நாள் பத்திரிகையில் பொடி எழுத்தில் வந்த ஓட்ட விபரம். கேட்டது நினைவில் நின்றது, வாசித்தது நிற்கவில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லா ஓட்டத்துக்கும் எடை ஒன்று என்பது கணக்குப்பிள்ளையின் பேச்சு. ஆடுகிறவனுக்கு முதல் நாள் காலையில் எடுக்கும் ஒன்றும் ஐந்தாம் நாள் மாலையில் எடுக்கும் ஒன்றும் ஒன்றாகுமா? ஆகாது. பதற்றம் உண்மையானது, அது ஆட்டத்தை மாற்றும் என்பதும் உண்மை. ஆனால் அது எங்கே வேலை செய்தது என்று தேடினால் கடைசிப் பந்துக்கு முன்னாலேயே தடம் கிடைக்கிறது. 331 ஓட்டத்துக்கு 6 விக்கெட்தான் போயிருந்தது. 17 ஓட்டம் வேண்டும், நான்கு விக்கெட் கையில். அதே 331இல் சேத்தன் சர்மா, 334இல் கிரண் மோரே, ஒரு சிக்சர் அடித்து நம்பிக்கை ஏற்றிய சிவ்லால் யாதவ் 344இல். பதின்மூன்று ஓட்டத்துக்குள் மூன்று பேர். ஆட்டம் நழுவியது என்று சொல்ல ஆசைப்படுகிறவர் இங்கேதான் நிற்க வேண்டும். ஆனால் மோரேயின் ஆட்டமிழப்பை யாரும் கதையாகச் சொல்வதில்லை. மறுபக்கத்தில் கிரெக் மெத்யூஸ். அந்தச் சூட்டில் கம்பளிச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரே முனையிலிருந்து 39.5 ஓவர் வீசி 146 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். மற்ற முனையில் ரே பிரைட் 94க்கு 5. மெத்யூஸ் முதல் இன்னிங்ஸிலும் 5 விக்கெட். ஜோன்ஸின் சேலைன் கதை நிலைத்த அளவுக்கு இந்தச் சுவெட்டர் நிலைக்காதது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

நடுவரைப் பற்றிய முறைப்பாட்டையும் தள்ளிவிட முடியாது. பந்து துடுப்பில் பட்டது என்று மனீந்தர் பின்னாளிலும் சொல்லிவந்தார். விரலைத் தூக்கிய விக்ரம்ராஜுவுக்கு அது இரண்டாவது டெஸ்ட். அதற்குப் பிறகு டெஸ்ட் கிடைக்கவேயில்லை. மூன்றாம் நாட்டு நடுவர் வராத காலம். மறுமுனையில் நின்ற டோட்டிவாலாவும் இந்தியர். ஒளிப்பதிவைப் பார்த்து முடிவை மறுபரிசீலிக்கும் முறை டெஸ்டில் பரீட்சைக்கே 2008இல்தான் வந்தது, அதுவும் எங்கள் கொழும்பில், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடந்த தொடரில். ஆகவே அந்த முடிவு சரியா பிழையா என்பதில் நான் கட்சி கட்டவில்லை. நான் கேட்பது வேறு: சரி, பிழை என்றே வைத்துக்கொள்வோம். மனீந்தர் தப்பியிருந்தால் இந்தியா வென்றிருக்குமா? இன்னும் ஒரு பந்து இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பந்தில் ஓட்டம் வராவிட்டால் ஆட்டம் வெற்றி தோல்வியில்லாமல் முடிந்து, டெஸ்ட் பட்டியலில் நூற்றுக்கணக்கானவற்றோடு ஒன்றாகப் போயிருக்கும். சொந்த நாட்டின் வெற்றி வாய்ப்பை மூடிய முடிவை, சொந்த நாட்டுக் கூட்டத்தின் நடுவே நின்று ஒருவர் கொடுத்தார் என்பதைப் பக்கச்சார்புக்கு எதிரான சாட்சியமாகத்தான் படிக்க முடியும். சாஸ்திரி மீதான குற்றச்சாட்டும் இதே வகை. கடைசி ஓவர் தொடங்கும்போது வேண்டியது 4. இரண்டாவது பந்தில் இரண்டு எடுத்தார். மூன்றாவதில் ஒன்று எடுத்துச் சமன் செய்து, மனீந்தரை மூன்று பந்துக்கு முன்னால் நிறுத்தினார். தானே நின்றிருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஒன்று எடுக்கும்வரை இந்தியா தோற்கலாம். எடுத்த பிறகு தோற்க முடியாது. அந்த வெயிலில், அந்தக் கணக்கில், தோல்வியை முதலில் அடைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (சாஸ்திரி என்ற பெயர் எங்கள் தோட்டங்களுக்குக் கிரிக்கெட்டில் வந்ததல்ல என்பதையும் இடையில் சொல்லிவைக்கலாம்.)

அந்தப் பெயரோடு இன்னொரு கேள்வியும் வருகிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியதில் சப்ரகமுவ லயத்துக்கு என்ன பங்கு? 1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடும் பாதி பாதியாக்கிக்கொண்டன. தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றபோது, இந்தியப் பாஸ்போட் வாங்கியும் ஏற முடியாதவர்கள் தோட்டத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 1981 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் அடிவாங்கிய இரத்தினபுரிப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு பாதி கோத்தகிரி, கூடலூர் என்று போயிருந்தது. 1986இன் தொடக்கத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியது. அதே வருடம் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. ஆகவே அந்தச் செப்டெம்பர் மாலையில் ஒரே ரேடியோவைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் இந்தியப் பிரஜை, ஒருவர் இலங்கைப் பிரஜை, இன்னொருவர் இரண்டும் இல்லாதவர் என்பது நடக்கக்கூடிய காரியம்தான். முந்தின வருடம் இதே செப்டெம்பரில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை இந்தியாவுக்கு எதிராகத்தான் பெற்றது. அப்போது யார் பக்கம் என்ற கேள்வி சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் எங்கள் தோட்டங்களில் சத்தமாகப் பேசக்கூடியதல்ல. சேப்பாக்கம் அந்த நெருக்கடியைத் தரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவை ஆதரிப்பதில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கிருந்து சிலர் ஒரு படி தாண்டிப் போகிறார்கள்: வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று முடிந்த ஆட்டம், இந்தியாவும் இல்லை இலங்கையும் இல்லை என்று நின்ற சனத்துக்குத் தங்கள் கதையாகப் பட்டது, அதனால்தான் மறக்கவில்லை என்று. கேட்க அழகாக இருக்கிறது; நான் ஏற்கமாட்டேன். டையில் இரண்டு பக்கத்தின் கடைசி ஓட்டம்வரை எண்ணியாகிறது, எண்ணி முடித்தே சமன் என்கிறோம். நாடற்றவரை யாரும் எண்ணவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் செய்தது கணக்கிலிருந்து வெளியே வைத்த வேலை. இரண்டையும் ஒன்றாக்குவது முதலாவதன் முழுமையையும் இரண்டாவதன் கொடுமையையும் ஒரே வீச்சில் குறைத்துவிடும். எங்கள் நினைவில் ஆட்டம் தங்கியதற்கு வேலை ஒழுங்கும் பற்றரி விலையும் மத்திய அலையும் போதுமான காரணங்கள்.

டையைச் சகிக்காத விளையாட்டுகளைப் பார்த்தால் என் வாதம் உடைந்துவிடும் என்று நினைக்கலாம். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸில் சமன் என்றால் யாராவது முந்தும்வரை ஆட வேண்டும்; அங்கே கடைசி அடிதானே முடிவு? அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டங்களிலேயே மிக நீண்டது 1981இல் பொடக்கெட், ரொச்செஸ்டர் அணிகளுக்கு இடையில் நடந்தது. ஏப்ரல் 18 இரவு தொடங்கி, ஈஸ்டர் விடியல் நான்கு மணி தாண்டி 32 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். பார்வையாளர் 19 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஜூன் 23இல் திரும்பவும் கூடி, 33ஆவது இன்னிங்ஸில் பதினெட்டு நிமிடத்தில் 3க்கு 2 என்று முடித்தார்கள். அந்தப் பதினெட்டு நிமிடம்தான் ஆட்டம் என்று அங்கேயே யாரும் சொல்வதில்லை. அவர்கள் பேசுவது அந்தக் குளிர் இரவைப் பற்றி. 1920 மே 1இல் பொஸ்டனில் புரூக்ளின் அணியோடு நடந்தது இன்னும் விசித்திரம். ஆறாவது இன்னிங்ஸோடு 1க்கு 1. பிறகு இருபது இன்னிங்ஸ் ஒரு ஓட்டமும் இல்லாமல் 26 வரை போய், இருட்டியதால் சமனாகவே விட்டார்கள். இரண்டு அணியிலும் தொடக்கத்தில் பந்தெறிந்தவரே கடைசிவரை எறிந்தார். அங்கே கடைசிப் பந்து என்று ஒன்றைத் தேடி எடுத்து யார்மேல் பழி போடுவது? கிரிக்கெட்டில் சூப்பர் ஓவர் கொண்டுவந்தும் சிக்கல் தீரவில்லை. 2019 உலகக் கிண்ண இறுதியில் அதுவும் சமனாகி, பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கிண்ணம் போனது. மூன்றே மாதத்தில் அந்த விதியையே மாற்றினார்கள்.

மனதைத் தொடுகிற இன்னொரு சாட்சியம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1992 ஓகஸ்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் ஆஸ்திரேலியாவை விட 291 ஓட்டம் முந்தியிருந்தும், 181 இலக்கை விரட்டி 127க்கு 2 என்று நின்றும், இலங்கை 164க்குச் சுருண்டு 16 ஓட்டத்தால் தோற்றது. கடைசி மூன்று விக்கெட்டை ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எடுத்தவர் ஷேன் வோர்ன். ஆனால் இலங்கையர் நினைவில் நிற்பது வோர்னின் அந்தக் கடைசி விக்கெட் இல்லை. அரவிந்த டி சில்வா தூக்கி அடித்துப் போர்டரிடம் பிடிகொடுத்த பந்து. தோல்விக்கு ஒரு இடைவெளி இருந்ததால் சனம் பின்னோக்கிப் போய்க் காரணம் தேடியது. சேப்பாக்கத்தில் இடைவெளியே இல்லாததால் முனையைப் பிடித்துக்கொண்டது. எனவே ரேடியோவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. டையின் அமைப்பே ஆளை ஏமாற்றக்கூடியது.

போர்டர் அந்தக் காலையில் ஏன் அப்படித் துணிந்தார் என்பதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அவர் அணி அப்போது தோற்றுக்கொண்டிருந்த அணி. 1985இல் இங்கிலாந்திடமும் நியூசிலாந்திடமும் தொடர் இழந்திருந்தது. இந்தியாவோ அந்தக் கோடையில்தான் இங்கிலாந்தை 2-0 என்று வென்று வந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆடியிருந்தால் போர்டருக்குத் தோல்வி பயமே இருந்திருக்காது. எங்களுக்குக் கேட்க ஆட்டமும் இருந்திருக்காது. பயிற்றுநராக இருந்த பொப் சிம்ப்சன், 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த முதல் டையில் ஆடியவர். டெஸ்ட் வரலாற்றில் டை இன்றுவரை இந்த இரண்டுதான். பிரிஸ்பேனிலும் ஒரு பந்து மிச்சம் இருந்தது. இந்தியா 348ஐ விரட்ட ஒப்புக்கொண்டதும் அதே அளவு துணிவு. கவாஸ்கர் மாதிரி ஒருவர் நாள் முழுக்கக் கட்டை போட்டிருந்தால் கேள்வி கேட்க ஆளில்லை. இரு தரப்பும் தோற்கச் சம்மதித்தால்தான் இப்படி ஒரு ஆட்டம் கிடைக்கும். அந்தச் சம்மதம் கிடைத்தது காலையில், எங்கள் ரேடியோக்கள் வாய் திறக்காத நேரத்தில்.

சேப்பாக்கம் பதின்மூன்று மாதத்தில் இதையே இன்னும் கூர்மையாகச் செய்து காட்டியது. 1987 ஒக்டோபர் 9, உலகக் கிண்ணம், அதே மைதானம், அதே இரண்டு அணி. ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து நான்கா ஆறா என்று பிணக்கு. இடைவேளையில் கபில் ஆறு என்று ஒப்புக்கொள்ள, 268 ஆக இருந்த ஆஸ்திரேலியாவின் கணக்கு 270 ஆனது. இந்தியா 269. ஸ்டீவ் வோ வீசிய கடைசிக்கு முந்தின பந்தில் போல்டானவர் திரும்பவும் மனீந்தர் சிங். ஒரு ஓட்டத் தோல்விக்கு அவரையே பிடித்து உலுக்கினார்கள். சாப்பாட்டு வேளையில் போன இரண்டு ஓட்டத்தை நினைத்தவர்கள் கபிலின் பெருந்தன்மையைப் பாராட்டுவதற்காக மட்டும் நினைத்தார்கள். 2024 ஓகஸ்ட் 2இல் கொழும்பு பிரேமதாச மைதானத்திலும் கிட்டத்தட்ட அதே காட்சி. இலங்கை 230, இந்தியா 230; ஓட்டம் சமனான பிறகு சரித் அசலங்க அடுத்தடுத்த பந்தில் ஷிவம் டுபேயையும் அர்ஷ்தீப் சிங்கையும் காலில் வாங்கவைத்து முடித்தார், இன்னும் 13 பந்து இருக்கையில். சூப்பர் ஓவர் ஆடவில்லை. இந்த முறை ரேடியோ இல்லை, முதல் பந்திலிருந்து எல்லோர் கையிலும் போன். இருந்தும் அடுத்த நாள் பேச்சு அர்ஷ்தீப் சுழற்றிய சுழற்றலைப் பற்றித்தான் இருந்தது. ஆட்ட நாயகன் விருது, கீழ்வரிசையில் வந்து ஆட்டமிழக்காமல் 67 எடுத்து இரண்டு விக்கெட்டும் வீழ்த்திய துனித் வெல்லாலகேவுக்குப் போனது.